கொட்டகைக்குள் ஒரு கப்பல்

"தொப்பம்பட்டியில் ஒரு கப்பல் வந்து நிற்கிறது" என்று யாராவது உங்களிடம் சொன்னால் என்ன செய்வீர்கள்? சொன்னவருக்கு நல்ல நாட்டு வைத்தியரைச் சிபாரிசு செய்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் டெலிபோனில் சொன்னவர் என் சொந்தச் சித்தப்பா. கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பலுக்கும் கட்டை வண்டிக்கும் வித்தியாசம் தெரிந்தவர்.

"நாளைக்கே புறப்பட்டு வா. வரும்போது நல்லதாக ஒரு அளவு டேப் வாங்கிக்கொண்டு வா. என்னிடம் இருக்கிற டேப் பொய் சொல்கிறது" என்றார்.

டேப் பொய் சொல்கிறது என்று ஒரு மனிதர் சொன்னால் விவகாரம் முற்றிவிட்டது என்று அர்த்தம். அன்றிரவே ரயிலேறிவிட்டேன்.

தொப்பம்பட்டி எங்கே இருக்கிறது என்று கேட்கும் நேயர்களுக்காக ஒரு வார்த்தை. பழனிக்கு வடக்கே இருக்கிற சமவெளி அது. மக்காச்சோளம், தென்னை, சின்ன வெங்காயம், இவைதான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. கிழக்குக் கடலும் எட்டாது. மேற்குக் கடலும் எட்டாது. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புறப்பட்டு வரும் காற்று இருக்கிறதே, அப்பப்பா! கொடியில் காயும் வேட்டியைக் கேட்டால் கதை கதையாகச் சொல்லும். தாராபுரம் பக்கம் வரிசை வரிசையாகக் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. பாய்மரப் படகுக்கு அவசியமான சாமான்கள் இரண்டு. காற்று ஒன்று, தண்ணீர் மற்றொன்று. முதலாவது சாமான் அந்த ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது.

இரண்டாவது சாமானைத் தேடிச் சித்தப்பா வருஷத்துக்கு இரண்டு தடவை மண்டபம் பக்கம் கடற்கரைக்குப் போவதென்று தீர்மானித்திருந்தார். இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம். ஆகவே, படகுக்கு அடியில் இரண்டு சக்கரம் வேண்டும். அதை இழுக்க அவருடைய கார் வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு டிரெய்லர் என்று பெயர். கொச்சியில் பழைய நண்பர் ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த படகை, டிரெய்லரோடு விலை பேசி, பாலக்காடு, பொள்ளாச்சி, உடுமலை வழியாக, காற்று வருகிற பாதையிலேயே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நான் போய் இறங்கியபோது வீட்டு வாசலில் சிறு கூட்டம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், இரண்டு ஆடுகள், ஒரு போஸ்ட்மேன். எல்லோரும் வண்டிக் கொட்டகையைப் பார்த்தபடி நின்றார்கள். கொட்டகைக்குள் படகு இருந்தது. ஆனால் முழுவதும் இல்லை. டிரெய்லரின் முன்னால் நீண்டிருக்கும் இரும்புக் கம்பம், காரோடு மாட்டுகிற கொக்கி உள்ள கம்பம், வாசலுக்கு வெளியே மூக்கை நீட்டிக் கொண்டிருந்தது. கதவைச் சாத்த முடியவில்லை.

"எவ்வளவு நீட்டுகிறது?" என்று கேட்டேன்.

"ஏழு அங்குலம்" என்றார் சித்தப்பா, தலையில் கை வைத்தபடி.

ஏழு அங்குலம்! ஒரு சாண்கூட இல்லை. புது டேப்பைப் பிரித்து நானும் அளந்தேன். பழைய டேப் மேல் ஒரு குற்றமும் இல்லை. அது உண்மையைத்தான் சொல்லியிருந்தது. கொட்டகையின் உள்நீளம் 15 அடி 9 அங்குலம். படகும் டிரெய்லருமாக 16 அடி 4 அங்குலம்.

நடந்தது இதுதான். வந்திருப்பது 'என்டர்பிரைஸ்' என்ற ரகப் படகு. 1956-இல் ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் வரைந்த படகு. நம் நாட்டுக் கடற்படையிலும் என்.ஸி.ஸி. பிள்ளைகள் மத்தியிலும் நெடுநாளாகப் புழங்குவது. அதன் நீளம் 13 அடி 3 அங்குலம், அகலம் 5 அடி 3 அங்குலம். இந்த அளவுகளெல்லாம் சித்தப்பாவுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். படகை மனத்தில் அளந்தார். கொட்டகையை டேப்பால் அளந்தார். இரண்டு அடிக்கு மேல் மிச்சம் என்று சந்தோஷப்பட்டார். டிரெய்லரை அளக்க மறந்துவிட்டார்! பெண்ணைப் பார்த்துவிட்டு, கூட வரும் மாமியாரைப் பார்க்காமல் கல்யாணம் நிச்சயம் பண்ணுகிறோமே, அந்த மாதிரி.

"கொஞ்சம் வெளியே நீட்டிக் கொண்டிருந்தால்தான் என்ன? தார்ப்பாய் போட்டு மூடி வைக்கலாமே" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றிற்று. கேட்டேன். வாங்கிக் கட்டிக் கொண்டேன். இந்தப் படகு பிளைவுட்டில் செய்தது. திண்டுக்கல் சீமை வெயில் அதன் வார்னிஷை ஒரே கோடையில் உரித்துவிடும். உரிந்த இடத்தில் ஈரம் இறங்கும். ஈரம் இறங்கினால் ஒட்டுப் பலகை ஏடு ஏடாகப் பிரியும். மண்ணிலிருந்து கரையான் வேறு. இறுக்கித் தார்ப்பாய் போர்த்தினால் உள்ளே புழுங்கிப் பூசணம் பூக்கும். படகுக்குத் தண்ணீரைவிடப் பெரிய எதிரி, காற்றோட்டம் இல்லாத மூடிய இடம். கூரை வேண்டும், நிழல் வேண்டும், காற்றோட்டம் வேண்டும், தரையிலிருந்து உயரம் வேண்டும், சாத்துகிற கதவு வேண்டும்.

சரி, கொட்டகை பதினைந்தே முக்கால் அடி எப்படி ஆயிற்று? அதற்கு ஒரு பூர்வ கதை உண்டு. சித்தப்பாவின் அப்பா, அதாவது என் தாத்தா, மாட்டு வண்டிக்காகக் கட்டிய கொட்டகை அது. அந்தக் காலத்தில் 18 அடி நீளம். பிற்பாடு சித்தி பின்பக்கத்தில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, தன் மளிகைச் சாமானுக்கும் விதை வெங்காயத்துக்கும் ஒரு சின்ன அறை பண்ணிக் கொண்டாள். தடுப்புச் சுவரை இடித்தால் படகு சுகமாக உள்ளே போகும்.

"இடியுங்க" என்றாள் சித்தி, சமையலறை ஜன்னல் வழியாக. "இடிச்சுப்போட்டு அந்தப் படகுலயே சமைச்சுச் சாப்பிடுங்க."

சுவர் விஷயம் அத்துடன் முடிந்தது.

ஆனால் சித்தியின் கோபத்துக்குச் சுவர் மட்டும் காரணமில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. படகு வருவதற்காகக் கொட்டகையிலிருந்த மாட்டு வண்டியை வெளியே உருட்டிப் புளியமரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். காளைகளை விற்று எத்தனையோ வருஷமாகிறது. வண்டி மட்டும் நின்றது. முதல் நாள் யாரோ ஒரு வியாபாரி வந்து பார்த்துவிட்டு, பெரிய ரோட்டில் ஒரு ஹோட்டல் வாசலில் அழகுக்கு நிறுத்துவதற்காக நல்ல விலை கேட்டிருக்கிறான். சித்தப்பா, "பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். புருஷர்கள் "பார்க்கலாம்" என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று மனைவிமாருக்கு நன்றாகத் தெரியும்.

"கண்ணு, நீயே நியாயம் சொல்லு" என்று என்னிடம் வந்தாள் சித்தி. "நான் இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்தது இந்த வண்டியிலதான். எங்கப்பா சக்கரத்துக்கு மஞ்சள் பூசி, கூண்டு கட்டி அனுப்பினாரு. இதைக் கொண்டுபோய்க் காப்பிக் கடை வாசல்ல நிறுத்தி, போறவன் வாறவன் மேல ஏறி நின்னு போட்டோ பிடிக்கறதா? வண்டி போகோணும்னா என்னையும் கூட ஏத்தி அனுப்பிப் போடச் சொல்லு."

சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தால் அவர் பக்கமும் ஒரு கதை இருந்தது தெரிந்தது. எத்தனையோ வருஷம் சம்பளத்துக்குக் கடலில் போனவர். ஒரு தடவையாவது சொந்தமாக, தன் இஷ்டத்துக்குப் போக வேண்டும் என்று நினைத்தவர். முழங்கால் வலி ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஐந்து வருஷம் கழித்துப் படகு வாங்கிப் பிரயோஜனமில்லை.

ஆகவே நேயர்களே, பிரச்னை ஏழு அங்குலம்தான் என்றாலும் அதற்குள் இரண்டு பேருடைய ஆயுசு அடங்கியிருந்தது.

முதலில் நான் என் காலேஜ் படிப்பைக் காட்டினேன். "நேராக வைத்தால்தானே இடிக்கிறது? மூலைவாட்டில் சாய்த்து வைப்போம். கர்ணம் எப்போதும் பக்கத்தைவிட நீளம், பைதகோரஸ் சொல்லியிருக்கிறார்" என்றேன். பிள்ளைகள் உற்சாகமாகக் கை கொடுத்தார்கள். கொஞ்சம் சாய்த்தோம். அளந்தோம். என்ன ஆச்சரியம்! ஏழு அங்குலம் எட்டு அங்குலமாகிவிட்டது.

எனக்குத் தலை சுற்றிற்று. பிறகு திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். படகின் பின்புறம் 4 அடி அகலத்துக்குச் சதுரமாக இருக்கிறது. 10 பாகை சாய்த்தால் நீளம் 16 அடி 1 அங்குலமாகக் குறைவது வாஸ்தவம். ஆனால் பின்புறத்து மூலை ஒன்று 4 அங்குலத்துக்குக் கூடுதலாகச் சுவரை நோக்கி நீட்டிக் கொள்கிறது. இரண்டையும் கூட்டினால் 16 அடி 5 அங்குலம். பைதகோரஸ் ஒரு கோட்டைப் பற்றித்தான் சொன்னார். சதுரமான பின்புறம் உள்ள சாமானைப் பற்றிச் சொல்லவில்லை.

இது உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். புது வீட்டுக்குப் பீரோவைப் படுக்க வைத்துக் கொண்டு போவீர்கள். நிமிர்த்தும்போது பாதியில் மேல்தளத்தில் இடிக்கும். படுத்தாலும் இடமிருக்கிறது, நின்றாலும் இடமிருக்கிறது, நடுவில்தான் இடமில்லை. எங்கள் படகும் அப்படியே. 24 பாகை சாய்த்தால் கொட்டகைக்குள் அடங்கும் என்று கணக்குச் சொல்லிற்று. ஆனால் அந்தச் சாய்வை எட்டுவதற்குள் கம்பம் வாசல் நிலையில் போய் முட்டிக் கொண்டு நின்றுவிட்டது. அப்படியே போனாலும் என்ன லாபம்? 9 அடி அகலக் கொட்டகை முழுவதும் குறுக்கே அடைபட்டுப் போகும். மாட்டு வண்டிக்கு இடம் வேண்டாமா?

அடுத்த யோசனை: கம்பத்தை உள்பக்கம் பார்க்கத் திருப்பி, சித்தியின் அறைச் சுவரில் ஒரு துவாரம் போட்டு, அதற்குள் நுழைத்துவிடுவது. மேல்நாட்டில் இப்படிப் பண்ணியிருக்கிறார்கள் என்றார் சித்தப்பா. "எலி வருமுங்க" என்றாள் சித்தி. ஒரே வார்த்தை. ஆனால் அது நியாயமான வார்த்தை. வெங்காயத்துக்கு மட்டுமல்ல, படகுக்கும் எலி சத்துரு. சுருட்டி வைத்த பாயைப்போல் எலிக்குப் பிடித்த பிரசவ அறை வேறு கிடையாது.

அன்றிரவு முற்றத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக் கொண்டோம். காற்று அள்ளிக் கொண்டு போயிற்று. சித்தப்பா கடலை மறந்து படகுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. உலகத்தில் மிகப் பெயர் பெற்ற சிறிய படகுகளெல்லாம் கடலைப் பார்த்துப் பிறக்கவில்லை. வீட்டுக் கொட்டகையைப் பார்த்துப் பிறந்திருக்கின்றன!

குழந்தைகள் ஓட்டும் 'ஆப்டிமிஸ்ட்' படகு இருக்கிறது. 1947-இல் அமெரிக்காவில் ஃபுளோரிடா மாகாணத்தில் கிளார்க் மில்ஸ் என்பவர் செய்தது. அதற்கு மூக்கு கிடையாது. முன்பக்கம் சப்பையாக, மாவு பிசையும் தொட்டி மாதிரி இருக்கும். ஏன் தெரியுமா? கடையில் கிடைக்கிற பிளைவுட் பலகை எட்டடிதான். வீட்டுக் கொட்டகையில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து, குறைந்த செலவில் செய்ய வேண்டும். எட்டடிப் பலகையில் கூர் மூக்கு வைத்தால் உள்ளே உட்கார இடம் போய்விடும். மூக்கை வெட்டிவிட்டார். 7 அடி 9 அங்குலம்; 35 கிலோ. இன்றைக்கு உலகம் முழுவதும் பிள்ளைகள் பாய்மரம் பழகுவது அதில்தான்.

அடுத்தது 'மிர்ரர்'. லண்டன் பத்திரிகை ஒன்றின் ஆதரவில் 1963-இல் விற்பனைக்கு வந்தது. பத்திரிகையின் பெயரே படகுக்கும் பெயர். பாய் சிவப்பு நிறம். வரைந்தவர்களில் ஒருவர் நம் ஜாக் ஹோல்ட். மற்றவர் பாரி பக்னெல், வீட்டு மராமத்து வேலைகளை டெலிவிஷனில் சொல்லிக் கொடுத்துப் பிரபலமானவர். பலகைகளைத் தாமிரக் கம்பியால் சட்டை தைப்பதுபோல் தைத்து, மேலே பசையும் கண்ணாடி இழை நாடாவும் ஒட்டினால் படகு தயார். எழுபதினாயிரத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது பாய்மரம். மரத்தைக் குட்டையாக வைத்து, அதன்மேல் இன்னொரு கழியை ஏற்றிக் கட்டும்படி அமைத்திருக்கிறார்கள். இறக்கினால் எல்லாக் கழிகளும் படகுக்குள்ளேயே படுத்துக் கொள்ளும். ஒரு விரற்கடைகூட வெளியே நீட்டாது.

'லேஸர்' படகின் கதை இன்னும் வேடிக்கை. 1969-இல் கனடாவிலிருந்த இயன் புரூஸ் என்பவர் புரூஸ் கிர்பிக்கு டெலிபோன் பண்ணி, கார் தலையில் ஏற்றிக் கொண்டு போகிற மாதிரி ஒரு படகு வேண்டுமென்று கேட்டார். கிர்பி பேசிக் கொண்டே காகிதத்தில் கிறுக்கினார். அந்தக் கிறுக்கல்தான் 59 கிலோ எடையில், இரண்டு துண்டாகக் கழற்றும் பாய்மரத்தோடு, 1971-இல் சந்தைக்கு வந்தது. கார் தலைக்கென்று பிறந்த படகு ஒலிம்பிக்ஸ் வரை போய்விட்டது. நம் சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் போட்டியிட்டது அதே படகில்தான், பாய் மட்டும் சற்றுச் சிறியது. ஒலிம்பிக்ஸ் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்.

"இதற்கெல்லாம் தாத்தா நம்மிடமே இருந்ததப்பா" என்றார் சித்தப்பா. "கட்டுமரம்!"

யோசித்துப் பாருங்கள். கட்டுமரம் என்ற பேரிலேயே விஷயம் இருக்கிறது. நாலைந்து மரங்கள், அவற்றைக் கட்ட ஒரு கயிறு. கடலுக்குப் போகும்போது கட்டுவது. கரைக்கு வந்ததும் அவிழ்ப்பது. கனமில்லாத மரம் தண்ணீரைக் குடித்துவிடும். அவிழ்த்துப் போட்டு உலர்த்தினால்தான் மறுநாள் மிதக்கும். ஆளுக்கொரு மரமாகத் தோளில் தூக்கி மணலில் ஏற்றிவிடலாம். கொட்டகையும் வேண்டாம், டிரெய்லரும் வேண்டாம். ஆங்கிலேயர் அந்தப் பெயரைக் கொண்டுபோய் இரட்டைத் தோணிக்கு வைத்துக் கொண்டார்கள். அவிழ்க்கிற சூட்சுமத்தைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது நம் கரையிலும் கட்டுமரம் அருகிவிட்டது. ஃபைபர் படகுகள் வந்துவிட்டன.

எங்கள் தலைக்கு மேலே தெற்கே இருட்டில் கொடைக்கானல் மலை கரிய சுவர்போல் நின்றது. அங்கே ஏரி வந்த கதையும் பேச்சில் வந்தது. மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ஜ் 1863-இல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து தருவித்தார். மலைக்கு மோட்டார் ரோடு போடுவதற்கு அரை நூற்றாண்டு முந்திய காலம்! அந்தப் படகை மேலே கொண்டுபோன கூலியாட்களை நினைத்தபோது எங்கள் ஏழு அங்குலம் கொஞ்சம் சிறுத்துவிட்டது.

மறுநாள் காலையில் ஆசாரி வந்தார். தாத்தா காலத்தில் வண்டிச் சக்கரம் செய்த பெரியவர். அவரை வரவழைத்தது வேறு காரியத்துக்காக. படகை உத்தரத்திலிருந்து ராட்டினம் போட்டுத் தொங்கவிடலாமா என்று பார்க்க. என்டர்பிரைஸ் படகு மட்டும் ஏறக்குறைய 90 கிலோ. ஆசாரி ஏணி வைத்து ஏறிப் பனங்கைகளை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். வைத்தியர் முதுகைத் தட்டிப் பார்க்கிற மாதிரியே இருந்தது. இறங்கி வந்தார்.

"ஓட்டைத் தாங்கறதே பெரிய புண்ணியமுங்க. இன்னொரு சுமை கொடுத்தா எல்லாஞ் சேர்ந்து கீழே வந்துரும்" என்றார்.

பிறகு படகைச் சுற்றி வந்தார். டிரெய்லரின் கம்பத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அதைத் தடவிக் கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இது ஏர்க்கால்தானுங்களே?"

"ஆமாம்."

"வண்டி கொட்டாய்க்குள்ள போகாட்டிக் கொட்டாயையா இடிக்கிறது? ஏர்க்காலைக் கழட்டோணும். இதுல கடையாணி எங்கே?"

நானும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டோம். படித்தவன் கணக்குப் போட்டேன். கடல் பார்த்தவர் சரித்திரம் சொன்னார். கடையாணி எங்கே என்று கேட்பதற்கு ஒரு வண்டி ஆசாரி வேண்டியிருந்தது!

டிரெய்லரில் கடையாணி இல்லை. கம்பத்தைச் சட்டத்தோடு பற்றவைத்திருந்தார்கள். பழனிக்கு இழுத்துக் கொண்டு போய் ஒரு பட்டறையில் வேலை கொடுத்தோம். இதே தொல்லையில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கம்பத்தை அறுத்துவிட்டு, அதற்குப் பதிலாகச் சதுரக் குழாய் ஒன்றைச் சட்டத்தில் பொருத்த வேண்டும். அதற்குள் சிக்கென்று நுழைகிற இன்னொரு குழாய்தான் இனிமேல் ஏர்க்கால். உள்ளே நுழைவது ஒரு முழமாவது இருக்க வேண்டும். நாலு அங்குலம் நுழைத்துவிட்டுத் திருப்திப்பட்டால் குலுங்கிக் குலுங்கித் துவாரம் நீண்டு போகும். குறுக்கே ஆணி இரண்டு: ஒன்று இழுவை தாங்க, மற்றொன்று ஆட்டம் நிறுத்த. இரண்டு முனையிலும் பூட்டுக் கம்பி. எல்லாவற்றையும்விட முக்கியம், காரோடு மாட்டுகிற பந்தோபஸ்துச் சங்கிலி. அதைக் கழற்றுகிற ஏர்க்காலில் மாட்டக் கூடாது; பின்னாலிருக்கிற சட்டத்தில் மாட்ட வேண்டும். ஆணி நழுவினாலும் படகு உங்களைவிட்டுத் தனிவழி போகாது.

சாயங்காலம் திரும்பி வந்து அளந்தபோது, ஏர்க்காலைக் கழற்றியபின் 13 அடி 8 அங்குலம். கொட்டகையில் 2 அடி 1 அங்குலம் மிச்சம்!

ஆனால் உள்ளே தள்ளுவது அத்தனை சுலபமாக முடிந்துவிடவில்லை. வாசலில் ஒரு சரிவு இருக்கிறது. சக்கரம் சரிவில் ஏறும்போது படகின் பின்புறம் மேலே எழும்பி நிலைப்படியின் மேற்கட்டையில் இடிக்கப் போயிற்று. "முன்பக்கத்தைத் தூக்கு! தூக்கு!" என்று சித்தப்பா கூவ, ஏழெட்டுப் பேர் தூக்க, இரண்டு விரல் இடைவெளியில் தப்பியது. கொட்டகையின் நீளத்தை எல்லோரும் அளக்கிறார்கள். வாசலின் உயரத்தை, அதுவும் சரிவில் சாய்ந்து நிற்கும்போது வேண்டிய உயரத்தை, யாரும் அளப்பதில்லை. உள்ளே போனதும் சட்டத்துக்கு அடியில் கல் வைத்து டயர்களின் பாரத்தைக் குறைத்தோம். முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, பின்புறத்து அடைப்பைத் திறந்துவிட்டோம், உள்ளே சேரும் ஈரம் தானாக வடிந்து போக. பாயை மடிக்காமல் சுருட்டி, பழைய வேட்டியில் கட்டி, வீட்டுக்குள்ளே கொண்டு போனோம்.

இனி மாட்டு வண்டி. சித்தி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கொட்டகை 9 அடி அகலம். படகு 5 அடி 3 அங்குலம். பாக்கி 3 அடி 9 அங்குலம். வண்டி சக்கரத்தோடு அதில் நுழையாது. ஆசாரி யாரையும் கேட்கவில்லை. சுத்தியலை எடுத்தார். கடையாணியைத் தட்டினார். எத்தனை வருஷத்து மசியும் துருவும்! முதல் தட்டுக்கு அசையவில்லை. கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டார். காத்திருந்தார். மறுபடி தட்டியபோது 'கிறீச்' என்று ஒரு சத்தத்தோடு ஆணி வெளியே வந்தது. சக்கரம் ஒன்று, சக்கரம் இரண்டு. அச்சு. நுகத்தடி. அரைமணி நேரத்தில் வண்டி துண்டு துண்டாகப் புளியமரத்தடியில் கிடந்தது, கரை சேர்ந்த கட்டுமரம் மாதிரி.

வண்டியின் உடலை ஒருக்களித்துச் சுவரோடு நிறுத்தினோம். பின்சுவரின் ஓரத்தில் சக்கரங்கள் இரண்டும். நுகத்தடியைச் சுவர் முளையில் தொங்கவிட்டார். கடையாணிகளை மட்டும் ஒரு துணியில் முடிந்து சித்தியின் கையில் கொடுத்தார் ஆசாரி.

"பத்திரமா வைங்க அம்மிணி. எப்ப வேணும்னாலும் சொல்லியனுப்புங்க. பூட்டிக் கொடுத்துடறேன்" என்றார்.

சித்தி அந்த முடிச்சைக் கொண்டுபோய்ப் பூஜை மாடத்தில் வைத்ததை நான் பார்த்தேன். வியாபாரிக்குச் சித்தப்பாவே டெலிபோனில் "இல்லை" என்று சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு சாமான்தான் பாக்கி. பாய்மரம். மிர்ரர் மாதிரி இரண்டாகக் கழலாத ஒற்றை மரம், படகைவிட நீளம். கொட்டகையில் அதற்கு வழியே இல்லை. வீட்டுத் தாழ்வாரத்தின் நெடுக, இறவாரத்துக்கு அடியில், நாலு இரும்புக் கொக்கி அடித்துப் படுக்க வைத்தோம். வளையாமல் இருக்க நாலு இடத்திலும் சமமாகத் தாங்க வேண்டும் என்று சித்தப்பா நூல் பிடித்துப் பார்த்தார்.

மறுநாள் விடிகாலையில் ஊருக்குப் புறப்பட எழுந்தேன். தாழ்வாரத்தில் பாய்மரம் முழுவதும் மக்காச்சோளக் கதிர்கள் ஜோடி ஜோடியாகத் தொங்கிக் கொண்டிருந்தன. சித்தப்பா பல் குச்சியோடு அதைப் பார்த்தபடி நின்றார். வாயைத் திறக்கவில்லை.

சித்தி காப்பி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் கொட்டகைக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். படகின் மூக்குக்கும் கதவுக்கும் நடுவே கையை நீட்டி முழம் போட்டாள்.

"இங்கே ரெண்டடி சும்மாத்தானே கண்ணு கிடக்குது? ரெண்டு மூட்டை வெங்காயம் தாராளமா வெக்கலாமே!"